யாகோபோ இல்லாத அட்டவணை

மகெரிடாவுக்குத் தன் வேலையில் கொஞ்சம் திமிர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், சமோவாத் தலைநகர் ஆப்பியாவில் அந்த வேலையை அவளைப்போல் செய்ய ஆள் கிடையாது. இரும்புக்கடைச் சரக்கோ, தீவுக்குத் தீவு ஓடும் கப்பலின் பயணிகள் விவரமோ, எந்தக் குப்பையைக் கொண்டுவந்து கொட்டினாலும் அரைநாள் வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்புறம் ஒரு தாளில் நாலைந்து கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் கோடு இழுத்து, இதுதான் உங்கள் டேட்டாபேஸ் என்று நகர்த்திவிடுவாள். ஒரு விஷயத்தை ஒரே இடத்தில்தான் எழுத வேண்டும், இரண்டாவது இடத்தில் எழுதினால் என்றைக்காவது இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கும் என்பது அவளுக்கு வேதவாக்கு. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் யாராவது ஒரே பெயரை இரண்டு அட்டவணையில் எழுதிவிட்டால் அன்றைக்கு அவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

நாற்பதைத் தாண்டியும் அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு இன்னும் பொருத்தமான வரி கிடைக்கவில்லை என்று பதில் சொல்லி, கேட்டவர்களுக்குப் புரியாததில் சந்தோஷப்பட்டுக்கொள்வாள். வாரநாட்களில் ஆப்பியாவில் வாடகை அறை. சனிக்கிழமை மத்தியானம் மரப்பெஞ்சுப் பேருந்தில் யார் மடியிலாவது உட்கார்ந்தோ, யாரையாவது தன் மடியில் உட்காரவைத்தோ சொந்த ஊரான மடாபுலாவுக்குப் போய்விடுவாள். அங்கே கடலைப் பார்த்த வரிசையில் அவர்கள் வீடு. அப்பா லெமாவாய், அம்மா சூலியா.

லெமாவாய் என்பது அப்பாவுக்கு அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, குடும்பத்தின் பட்டம். வைத்திருப்பவர் செத்துப்போனால் குடும்பம் கூடி அடுத்தவருக்குக் கொடுக்கும். பட்டம் ஏறிய நாளிலிருந்து பழைய பெயர் செருப்பைப்போல வாசலிலேயே நின்றுவிடும். அப்பாவின் பழைய பெயர் யாகோபோ. மகெரிடா நடக்கப் பழகிய பிறகுதான் அவருக்குப் பட்டம் வந்தது. ஆனாலும் ஊரில் ஒருவர் வாயிலும் அந்தப் பெயரை அவள் கேட்டதில்லை. பட்டக்காரரை நாலு பேர் நடுவில் பழைய பெயரால் சொல்வது அவர் இடுப்புத் துணியை உருவுவதற்குச் சமம் என்பதுதான் மடாபுலாவின் நினைப்பு.

ஊர்த் தேவாலயத்துக்கு நூறு வயது நிறைந்தபோது அந்தப் படக்கூட வேலை வந்தது. ஊர்க்காரர்களில் பாதிப்பேர் ஆக்லாந்திலும் சிட்னியிலும் இருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு மடாபுலா எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. ஊரில் இருக்கும் பழைய புகைப்படங்களையெல்லாம் இணையத்தில் ஏற்றிவிட்டால் அங்கிருந்தே பார்த்துக்கொள்வார்கள், தேவாலயத்துக் கூரைக்கும் ஏதாவது அனுப்புவார்கள் என்று விழாக் கமிட்டி நினைத்தது. மகெரிடாவைக் கேட்டார்கள். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒப்புக்கொண்டாள்.

வீடுவீடாகப் பிஸ்கட் டின்களில் படங்கள் வந்தன. கறையான் அரித்தவை, புயலில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவை, பின்னால் ஒரு எழுத்தும் எழுதாதவை. எந்தப் படம் எந்த வருஷம் என்று கேட்டால் புயலுக்கு முன்னா பின்னா என்பதற்கு மேல் யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் வருஷத்துக்கென்று போட்ட கட்டத்தை மகெரிடா தூக்கிவிட்டாள். பாதி காலியாகக் கிடக்கும் கட்டத்தைப் பார்த்தால் அவளுக்கு உடம்பு அரிக்கும்.

மற்றதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியதுதான். படங்களுக்கு ஒரு அட்டவணை, படத்துக்கு ஒரு வரி. படத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு அட்டவணை, அதில் ஆளுக்கு ஒரு வரி. ஒரு படத்தில் பலபேர் இருப்பார்கள், ஒருவரே பல படத்தில் இருப்பார். ஆகவே யார் எதில் என்று இரண்டையும் கோத்துவிட நடுவில் மூன்றாவது ஒன்று. இரண்டாவதில்தான் சிக்கல் வந்தது.

ஊர்ச்சபையின் சார்பில் பேசும் உரிமை உள்ள ஓலோமுவா என்ற பட்டக்காரர்தான் கமிட்டிக்குத் தலைவர். அவர் ஒவ்வொரு படமாகக் கையில் வாங்கி, இவர் இன்னார், அவர் இன்னார் என்று பட்டங்களாகவே சொல்லிக்கொண்டு போனார். அரை டிரவுசர் போட்ட பையன்கள்கூடப் பின்னால் பட்டம் ஏறியிருந்தால் அவர் வாயில் பட்டத்தோடுதான் வந்தார்கள். அப்போது பட்டம் இல்லையே, பழைய பெயரையும் ஓரமாக எழுதிக்கொள்ளட்டுமா என்று மகெரிடா ஒரு பேச்சுக்குக் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"லெமாவாயை லெமாவாய்னுதான் எழுதணும். பழைய பேரை ஆக்லாந்துப் பொடிசுங்க படிச்சுச் சிரிக்கவா இவ்வளவு பாடுபடுறோம்?"

இதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் குஷிதான். அன்றைக்கே மண்டையில் ஒரு யோசனை உதித்துவிட்டது. ஆளுக்கு எதற்கு வரி? பட்டத்துக்கு வரி போட்டால் போயிற்று. ஆள் வருவார், போவார், பட்டம் அப்படியே இருக்கும். மாறாத ஒன்றைத்தானே அடையாளமாக வைக்க வேண்டும் என்று இத்தனை வருஷமாக எல்லோருக்கும் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். லெமாவாய் என்று ஒரே வரி, அதில் இப்போதைய லெமாவாய் யார் என்று முகத்துக்கு ஒரு கட்டம். நாளைக்குப் பட்டம் கைமாறினால் அந்த ஒரு கட்டத்தை மாற்றினால் போதும். வெள்ளைக்காரன் புத்தகத்தில் இல்லாத ஒன்றை, சமோவாக்காரிக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அலுவலகத்தில் அவளுக்கு அடுத்த நாற்காலி ஸெஃபோவினுடையது. வெலிங்டனில் படித்துவிட்டு வந்தவன், அதிகம் பேசமாட்டான். தாளைப் பார்த்துவிட்டு, ஆளையும் பட்டத்தையும் தனித்தனியாகப் போடச் சொன்னான். எந்த ஆள் எந்தப் பட்டத்தில் எப்போதிலிருந்து எதுவரை இருந்தார் என்று நடுவில் ஒரு அட்டவணை போட்டால் முடிந்தது என்றான்.

"ஆளைப் போடுன்னா எந்தப் பேர்ல போடுறது? எங்கப்பா பழைய பேர்லயா? முதல்ல உங்கப்பா பழைய பேரை இந்தப் போர்டுல எழுது, பார்ப்போம்."

அலுவலகமே சிரித்தது. ஸெஃபோ விடவில்லை.

"பேரே வேணாம்க்கா. நம்பர் போடுங்க. யார் கண்ணுலயும் படாது, உள்ள கிடக்கும்."

"எங்கப்பா ஒரு நம்பரா?"

அவன் தன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் சொன்னது சரி என்று அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருந்தது. ஆனால் அவள் மனசு வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு முன்னால் லெமாவாயாக இருந்த அவருடைய மாமாவின் படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அப்பாவினுடையது டின் டின்னாக இருந்தது. சின்ன வயசுப் படம், பட்டம் ஏறிய பிறகு எடுத்த படம் எல்லாம் ஒரே வரியில் போய்ச் சேர்ந்தால், ஊரிலேயே நீளமான பக்கம் லெமாவாயின் பக்கமாகத்தான் இருக்கும். மற்ற பட்டக்காரர்களின் பெண்டாட்டிகள் பார்த்து வயிறெரியட்டும் என்று அவளுக்கு ஒரு அல்ப ஆசை. அல்ப ஆசைதான், ஆனால் அப்பாமேல் உள்ள ஆசை.

நூற்றாண்டு விழாவில் திரை கட்டிக் காட்டினார்கள். ஊர் கைதட்டியது. ஆக்லாந்திலிருந்து ஒரு கிழவர் தன் செத்துப்போன அண்ணனைப் பார்த்துவிட்டு போனில் அழுதார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடிந்ததும் மகெரிடா மடிக்கணினியை அப்பாவின் முன்னால் வைத்து அவர் பக்கத்தைத் திறந்தாள். அவர் கொக்கோ குவளையைக் கீழே வைக்காமலே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, ஒரு படத்தில் நின்றார். சட்டையில்லாத ஒரு வாலிபன் பாதி கட்டிய வீட்டின் உத்திரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறான், கையில் சுத்தியல், வாயில் ஆணிகள். கீழே மகெரிடா எழுதியிருந்தாள்: லெமாவாய் வீடு கட்டுகிறார்.

அந்த வீட்டின் கதை அவளுக்குத் தெரியாததா? பெரிய புயலில் குடும்பத்தின் பழைய வட்டவீடு விழுந்துபோனது. அப்பா அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவுக்குப் போய் மீன் டின் அடைக்கும் ஆலையில் இரண்டு வருஷம் மீனறுத்தார். அந்தச் சம்பளத்தில் மரமும் சிமெண்டும் வாங்கிவந்து, மாமாவிடம் கேட்டுக்கொண்டு, கடல் பக்கத்தில் தனக்கும் சூலியாவுக்கும் என்று கட்டிக்கொண்ட வீடு அது.

"இது நான் லெமாவாய் ஆகுறதுக்கு முன்னாடியாச்சேம்மா."

"எல்லாம் நீங்கதானேப்பா."

"நான்தான். ஆனா அப்ப லெமாவாய் மாமா இல்ல? அவர் ஏணிமேல ஏறினவர் கிடையாது" என்று சிரித்தார்.

கமிட்டி இப்படித்தான் கேட்டது என்று அவள் சொன்னாள். கமிட்டி சொன்னால் சரி என்று அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். மற்றவர் மனசு நோகக்கூடாது என்று விட்டுக்கொடுத்தே வாழ்ந்த மனுஷன். அன்றைக்கு ஒருதரமாவது அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த மழைக்காலத்தில் சேம்புத் தோட்டத்தில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. நார்ப்பாய்களும் பன்றிகளும் டின் இறைச்சிப் பெட்டிகளும் சீராக வந்து குவிய, சாவு பெரிதாக நடந்தது. ஆக்லாந்திலிருந்து அவருடைய சித்தி மகன் ஃபெரெட்டி வந்தார். சின்ன வயசிலேயே கப்பலேறியவர், அங்கே ஒரு கிடங்கில் மேற்பார்வை வேலை. கெட்டவர் இல்லை. குழிக்குப் பக்கத்தில் நின்று குலுங்கி அழுதார், தேவாலயத்துக் கூரைக்குப் பெரும்பங்கு அவர் கொடுத்ததுதான். குடும்பத்தில் கடல் கடந்து போனவர்களே அதிகம் என்பதால் பட்டம் அவருக்கு என்று சீக்கிரமே முடிவாயிற்று. மகளுக்கும் பட்டம் கொடுக்கலாம்தான் என்று இரண்டு மூன்று பேர் மகெரிடாவின் காதுபடச் சொன்னார்கள். இதையெல்லாம் சொல்வார்கள், கொடுக்கமாட்டார்கள்.

பட்டமேற்பு விழா முடிந்த கையோடு ஓலோமுவா கூப்பிட்டனுப்பினார். படக்கூடத்தில் புது லெமாவாயைப் போட வேண்டுமாம், ஆக்லாந்தில் எல்லோரும் பார்க்கக் காத்திருக்கிறார்களாம். மகெரிடா கணினியைத் திறந்து அந்த ஒரு கட்டத்தை மாற்றினாள். பட்டக்காரர்கள் அணியும் சிவப்புப் பழமாலை போட்ட ஃபெரெட்டியின் முகத்தை ஏற்றினாள். அவள் திட்டமிட்டபடியே மூச்சுவிடும் நேரத்தில் வேலை முடிந்துவிட்டது.

பிறகு பக்கத்தைத் திறந்து பார்த்தாள். மேலே ஃபெரெட்டி. கீழே, வரிசையாக, அப்பாவின் ஆயுசு முழுக்க. பள்ளிக்கூடத்துக்குக் கல் சுமந்தது, கடற்சுவர் கட்டியது, அம்மாவோடு தேவாலயப் படியில் நின்றது, மகெரிடாவைத் தோளில் தூக்கிக்கொண்டது. எந்தப் படத்தைத் தொட்டாலும் லெமாவாய் என்று வந்தது, லெமாவாயைத் தொட்டால் ஃபெரெட்டியின் முகம் வந்தது. அப்பாவை முதல்தரம் ஊர் புதைத்தது. இந்தத் தரம் அவளே புதைத்துவிட்டாள். 

அதோடு போயிருந்தால் மனசைத் தேற்றிக்கொண்டிருப்பாள். ஃபெரெட்டி ஊரிலேயே தங்கப்போவதாகச் சொன்னார். மனைவியின் சாமான்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. ஒருநாள் சூலியாவின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மரியாதையாகத்தான் பேசினார். லெமாவாயின் வீட்டில் லெமாவாய் இருப்பதுதானே முறை, அண்ணி அவசரப்பட வேண்டாம், தன் பிறந்த ஊருக்குப் போக ஏற்பாடெல்லாம் தானே செய்துதருவதாகச் சொன்னார். வேறு ஊரிலிருந்து வாழவந்தவள், புருஷன் போனபின் தன் சகோதரர்களிடம் போவது புதிதல்ல. மகளுக்கு எப்போது வந்தாலும் ஒரு பாய் உண்டு என்றும் சேர்த்துக்கொண்டார்.

சூலியா அழவில்லை. பட்டத்துக்கு உரிய வீடு புயலில் விழுந்த வட்டவீடு, அதன் கல்மேடை இன்னும் பின்னால் கிடக்கிறது, இது அவர் பட்டமில்லாத காலத்தில் மீனறுத்துக் கட்டியது, இது எனக்கும் என் மகளுக்கும் என்று சொன்னாள். ஃபெரெட்டிக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை. குடும்பத்தைக் கூட்டிக் கேட்டுவிடலாம், குடும்பம் சொல்வதற்குக் கட்டுப்படுவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.

கூட்டினால் யார் சாட்சி சொல்வார்கள்? மாமா இல்லை. அன்றைக்குத் தச்சுவேலை பார்த்தவர்கள் இல்லை. ஓலோமுவா இருக்கிறார். கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்த பையன்களில் அவரும் ஒருவர். ஆனால் அவருக்கு உயிரோடிருக்கும் பட்டக்காரருக்காகப் பேசித்தான் பழக்கம்.

மகெரிடா அந்த வாரமே உட்கார்ந்தாள். ஸெஃபோ சொன்னதை இப்போது செய்யப் பார்த்தாள். முடியவில்லை. மாமா, அப்பா, ஃபெரெட்டி மூவரும் ஒரே வரியில் கரைந்துபோயிருந்தார்கள். எது யார் என்று கணினிக்குத் தெரியாது, தெரியும்படி அவள் வைக்கவில்லை. இனிமேல் ஒவ்வொரு படமாக முகம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். சரி, முகம் பார்த்தே பிரிப்போம் என்று முதலில் அந்தச் சுத்தியல் படத்தை எடுத்தாள். கீழே இருந்ததை அழித்துவிட்டு, பட்டம் ஏறும் முன் வீடு கட்டியபோது என்று எழுதினாள். அப்போதும் அந்தப் பெயரை எழுத அவளுக்குக் கை வரவில்லை.

இரண்டாவது படத்துக்குப் போவதற்குள் ஆக்லாந்திலிருந்து போன் பறந்துவிட்டது. வழக்கு நடக்கும்போது படத்தைத் திருத்துகிறாள் என்று. ஓலோமுவா நேரில் வந்தார், சாப்பிட்டார், ஊர்க் கதைகள் பேசினார். போகும்போது, படங்கள் ஊர்ச்சொத்து இல்லையா, சாவி ஊரிடம் இருப்பதுதானே நல்லது என்றார். மகெரிடா கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்தாள். அவள் மாற்றி எழுதியது பழையபடி லெமாவாய் வீடு கட்டுகிறார் என்று ஆனது. ஆக்லாந்தில் இருக்கும் ஃபெரெட்டியின் மகள் லுசியா இனிமேல் படக்கூடத்தைப் பார்த்துக்கொள்வாள் என்று ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அறிவித்தார்கள்.

குடும்பக் கூட்டம் ஓலோமுவாவின் தலைமையில் தேவாலயத்தின் பெரிய கூடத்தில் நடந்தது. தூணுக்குத் தூண் பட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில், சபை கூடினால் குடிக்கும் காவா வேர்ச்சாறு கலக்கும் கிண்ணம். ஒரு பக்கச் சுவரில் திரை. அதில் ஆக்லாந்து, சிட்னிக் கிளைகள் கட்டம் கட்டமாக முகம் காட்டின. லுசியா படக்கூடத்தைத் திறந்து எல்லோருக்கும் தெரிகிறமாதிரி வைத்திருந்தாள். சுத்தியல் படம் திரை முழுக்க நின்றது.

ஃபெரெட்டி குரலை உயர்த்தாமல் பேசினார்.

"நான் கட்டினேன்னு நான் சொல்லல அண்ணி. லெமாவாய் கட்டினார்னு உங்க மகதான் எழுதி வச்சிருக்கா. லெமாவாய் கட்டினது லெமாவாய்க்குச் சேர்ந்ததுதானே?"

மகெரிடா எழுந்தாள். படத்தில் இருப்பது பட்டம் ஏறாத அப்பா, லெமாவாய் என்பது அங்கே வெறும் பட்டத்தின் வரி, அட்டவணையில் ஆளுக்கென்று வரியே இல்லை, வருஷத்துக்குக் கட்டம் இல்லை, கோத்துவிட்ட இடத்தில் மூன்று பேரும் ஒன்றாகிவிட்டார்கள் என்று விளக்கினாள். அலுவலகத்தில் யாருக்கும் புரியவைக்கத் தெரிந்தவள், இங்கே வாய் குழறினாள். பாதிப்பேர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓலோமுவா பொறுமையாக முடிக்கவிட்டார்.

"இதை யாரும்மா போட்டது?"

"நான்தான்."

"யாரும் கையைப் பிடிச்சு எழுத வச்சாங்களா?"

"இல்ல. நீங்க சொன்னபடி போட்டேன்."

"அப்பப் போட்டது நிஜமா, இப்பச் சொல்றது நிஜமா?"

இரண்டும் நிஜம் என்று சொல்ல வாயெடுத்தாள். அது எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரிந்தது. ஒரு விஷயத்தை ஒரே இடத்தில்தான் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் அல்லவா? நின்றபடியே இருந்தாள். 

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து சூலியா பேசினாள். எழுந்திருக்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை.

"வீட்டைக் கட்டினது லெமாவாய் இல்ல. யாகோபோ."

காவா ஏந்திப் போன கை பாதிவழியில் நின்றது. அந்தக் கூடத்தில், அத்தனை பட்டங்களுக்கு நடுவில், செத்துப்போன ஒரு பட்டக்காரரின் பழைய பெயரை அவர் பெண்டாட்டியே சொல்லிவிட்டாள். ஒரு பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். யாருன்னு சொன்னீங்க என்று ஓலோமுவா கேட்டார். காதில் விழாததுபோல நடித்து, அவள் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு வழி விட்டார்.

"யாகோபோ. என் வீட்டுக்காரர். பட்டம் கிடையாது, ஒண்ணும் கிடையாது, மீனறுத்த கைதான் இருந்தது. அந்தக் கையால கட்டினது."

அடுத்துப் பேசியவள் லுசியா. அவள் ஆக்லாந்தில் பிறந்தவள், இதில் என்ன குற்றம் என்று அவளுக்குத் தெரியாது. நல்லெண்ணத்தில்தான் செய்தாள்.

"இருங்க பெரியம்மா, அந்தப் பேர்ல தேடிப் பார்க்கிறேன்."

திரையில் சுத்தியல் படம் போய், தேடும் பெட்டி வந்தது. ஒவ்வொரு எழுத்தாக விழுவதைக் கூடம் முழுவதும் பார்த்தது. யாகோபோ என்று முழுசாக வந்ததும், அதன் கீழே ஒரு வரி எழுந்தது: மடாபுலாவில் இந்தப் பெயரில் எவரும் இல்லை.

அந்த வாக்கியம் மகெரிடா எழுதியது. முடிவுகள் பூஜ்யம் என்று வெறுமனே காட்டினால் மரியாதையாக இருக்காது என்று யோசித்து யோசித்து எழுதியது. இப்போது அது ஆளுயரத்துக்குச் சுவரில் நின்றது. அம்மா அதைப் படித்ததை அவள் பார்த்தாள்.

"அப்படி யாரும் இல்லையே பெரியம்மா" என்றாள் லுசியா.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட ஏதாவது சண்டை போட்டிருக்கலாம். ஓலோமுவா தொண்டையைச் செருமிக்கொண்டார். துக்கத்தில் இருப்பவர் வாயில் வந்த வார்த்தையைச் சபை குற்றமாக எடுத்துக்கொள்ளாது என்றார். யாகோபோ என்று ஒருவரைச் சபைக்குத் தெரியாது என்றார். லெமாவாயின் வீடு லெமாவாய்க்கு, விதவைக்கு உரிய பாய்களையும் மரியாதையையும் குறையில்லாமல் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று முடித்தார். அவர் குரல் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. ஃபெரெட்டி ஏதோ சொல்ல வந்து, திரையிலிருந்த தன் மகளைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் விட்டுவிட்டார். ஆக்லாந்துக் கிளை சம்மதம் என்றது. சிட்னிக் கிளைக்குச் சத்தம் சரியாகக் கேட்கவில்லை, அவர்களும் சம்மதம் என்றார்கள்.

மழை விட்ட ஒரு காலையில் சூலியாவின் தம்பி தன் பிக்கப் வண்டியைக் கொண்டுவருவதாக ஏற்பாடு. மகெரிடா லீவு போட்டுவிட்டு வந்து மூட்டை கட்டினாள். கூட்டம் நடந்த நாளிலிருந்து அம்மா அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது, சொல்ல அவளிடம் ஒன்றுதான் இருந்தது.

"அம்மா, என் கணினியில எல்லாத்தையும் புதுசாப் போட்டிருக்கேன். ஆளுக்குத் தனி, பட்டத்துக்குத் தனி. எந்தப் படம் யாருன்னு நானே உட்கார்ந்து பிரிச்சிட்டேன். ஆளுங்க அட்டவணையில முதல் வரி அப்பாதான். அவர் பேர்லயே போட்டிருக்கேன்."

சூலியா பாயைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை.

"யார் பார்க்கப் போறாங்க அதை?"

 சூலியா பாயைக் கயிறு போட்டுக் கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்தாள்.

"ஊருக்கு அவர் லெமாவாய். உனக்கு அப்பா. யாகோபோன்னு கூப்பிட நான் ஒருத்திதான் இருந்தேன். அதுவும் விளக்கை அணைச்ச பிறகுதான். அவர் பட்டம் ஏறினதுலேர்ந்து செத்த நாள் வரைக்கும் எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்டி. நீ எழுதலியேன்னு நான் அதைக் கொண்டுபோய் அத்தனை பேர் முன்னால போட்டேன். அப்படி ஒருத்தர் இல்லேன்னு எழுதிக் காட்டிட்டாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் மகெரிடா காலில் விழுந்திருப்பாள்.

"இனிமே இருட்டுலகூட அந்தப் பேர் என் வாயில வராது. நீயும் அதை எழுதி வைக்காத. அழிச்சுடு."

வெளியே வண்டியின் ஹாரன் கேட்டது. சூலியா எழுந்து, வீட்டைத் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோய், தம்பிக்குப் பக்கத்தில் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டாள். மகெரிடா மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்னால் வைத்தாள்.